ஏழு மாவு வண்டிகளும் என் கம்ப்யூட்டரும்

எந்த வண்டி எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிவு செய்கிற தொழிலில் உடம்பில் வெயில் படாது. திட்டு மட்டும் படும். கல்யாணப் பந்தியில் யாரை எப்போது உட்காரவைப்பது என்று பொறுப்பெடுத்துக்கொண்டவர்கள், பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்ட ஆசிரியைகள், ஷிப்ட் பிரித்துக் கொடுத்துவிட்டு அத்தனை பேரிடமும் பேச்சு வாங்கியவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

நான் கணிதத்தில் எம்.எஸ்சி. சொந்த ஊர் கரூர். இப்போது திருமுல்லைவாயிலில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. போனில் பேசுவதென்றால்கூட முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் எண்களோடு காலம் தள்ளிவிடலாம் என்று நம்பித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

ஏழா, ஆறா

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இட்லி மாவு கம்பெனி. காலையில் அரைத்து, மதியம் பாக்கெட் போட்டு, ஒரு மணிக்கு வண்டியில் ஏற்றினால் ஐந்து மணிக்குள் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அப்போதுதான் வாங்குவார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம், அதையும் தாண்டி வேப்பம்பட்டு வரை கடைகள். ஊரே குட்டியானை என்று கூப்பிடும் சின்ன லாரிகள் ஏழு. காலையில் நான் உள்ளே நுழையும்போது ஆறு வண்டிகள் ஷெட்டில் வரிசையாக நிற்கும். ஏழாவது மட்டும் எனக்குப் பிறகு சாவகாசமாக வரும். அதன் டிரைவர் தனசேகர் அண்ணா. ஐம்பதை ஒட்டிய வயது, காதோரம் நரை, எப்போதும் சலவைச் சட்டை. பாவம், காலையில் எழுந்திருக்க முடியாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு டீக்குப் போகும்போதும் வரும்போதும் கிரைண்டர் அறை வாசலில் கிடக்கும் அரிசி மூட்டைகளைத் தாண்டிப் போவேன். அந்த மூட்டைகளைப் பற்றி எதுவும் நினைத்ததில்லை.

முதலாளி செல்வி அம்மா, வீட்டில் ஒரு கிரைண்டரை வைத்து ஆரம்பித்து இந்த இடத்துக்கு வந்தவர். இப்போதும் மாவைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு டிரேகூட வெளியே போகாது. முதல் நாள் என்னை உட்காரவைத்து, எத்தனை வண்டி போதும் என்று மூன்று மாதத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்றார். கூடவே இதையும் சொன்னார்: "ஆறு போதும்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னா சந்தோஷம். ஏழும் வேணும்னு சொன்னாலும் சந்தோஷம்தான், ஆனா கொஞ்சம் கம்மியா."

கேட்டு

என் புரோகிராம் போட்டுக் கொடுத்த முதல் ரூட் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. வேப்பம்பட்டில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நான்கு கடைகள், அந்தப் பக்கம் நான்கு. எது பக்கமோ அதற்கு அடுத்து எது பக்கம் என்று பார்த்து, பாதையின் குறுக்கே ஊசி நூல் கோத்த மாதிரி வண்டியை இங்கும் அங்கும் ஓடவிட்டிருந்தது. மொத்தத் தூரம் முன்பைவிடக் குறைவு. நான் அதைப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்மைலியும் வரைந்து தனசேகர் அண்ணாவிடம் கொடுத்தேன்.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. பின்னணியில் கூட்ஸ் வண்டி போகிற சத்தம், முடிவே இல்லாமல். அது போய் முடியும்வரை அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு அடுத்த ரயில் வரப்போகிற ஹாரன் கேட்டது. அப்போதுதான் சொன்னார்: "மேடம், இந்தாண்ட ஒரு கடை, அந்தாண்ட ஒரு கடைன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கீறீங்களே, கேட்டு இன்னா நம்ம ஊட்டுக் கதவா?"

முதல் கடை, கடைசி டிரே

லோடு ஏற்றும் பகுதிக்கு மேரி அக்காதான் தலைவி. வண்டிக்குள் முதலில் போகிற டிரே கடைசிக் கடைக்கு. கடைசியில் போகிற டிரே முதல் கடைக்கு. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எம்.எஸ்சி. படித்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்குத் திருநின்றவூரிலிருந்து ஒரு புது ஆர்டர் வந்தது. சேர்த்து ஒரு தட்டு தட்டினேன். கம்ப்யூட்டர் வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றி, ஏழு நிமிடம் மிச்சம் என்றது. ஏழு நிமிடம்! ஓடிப்போய்ப் புதுத் தாளை மேரி அக்காவிடம் நீட்டினேன். வண்டியில் நாற்பது டிரே ஏற்றி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். "உன் மிசினு பத்து செகண்டுல மாத்திக்கும் கண்ணு. என் இடுப்பு மாத்திக்காது."

அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்கு மேல் ரூட்டை மாற்றக்கூடாது என்பது என் புரோகிராமில் ஒரு விதி. அந்த விதிக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'இடுப்பு'. இதுவரை யாரும் அந்தப் புரோகிராமைப் படித்துப் பார்க்கவில்லை என்பதால் பெயர் அப்படியே இருக்கிறது. மறுநாள் அக்காவிடம் சொன்னபோது கேட்டார்: "கம்ப்யூட்டர்ல என் இடுப்ப எதுக்கும்மா ஏத்துன, எறக்கி வையி."

கடலை மிட்டாய்

டிரைவர்கள் போனில் ஓர் ஆப் இருக்கிறது. லோடு ஏற்றும்போது அதை ஆன் செய்வார்கள், கடைசிக் கடையில் ஆஃப் செய்துவிடுவார்கள். இடையில் வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியும். பட்டாபிராமில் ஒரு சின்ன மளிகைக் கடையில் தனசேகர் அண்ணாவின் வண்டி தினமும் பன்னிரண்டு நிமிடம் நின்றது. இரண்டு டிரே இறக்க மூன்று நிமிடம் போதும். மீதி ஒன்பது நிமிடம் எங்கே? டீ என்று முடிவு கட்டினேன். நேரில் கேட்கத் தைரியம் இல்லை. நான்கு முறை எழுதி அழித்து, 'அண்ணா, தவறாக நினைக்க வேண்டாம்' என்று ஆரம்பித்து வாட்ஸப்பில் கேட்டேன்.

பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கையில் ஒரு கடலை மிட்டாய். பின்னாலேயே வாய்ஸ் மெசேஜ். அந்தக் கடைக்காரர் காலையில் ஆவடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மூன்று மணிக்குத்தான் கடை திறப்பார். போணி ஆகாமல் சரக்கை உள்ளே வாங்க மாட்டார். யாராவது வந்து எதையாவது வாங்குகிறார்களா என்று தனசேகர் அண்ணா பார்த்துக்கொண்டே நிற்பார். யாரும் வராவிட்டால் தானே ஒரு கடலை மிட்டாய் வாங்கிப் போணி செய்துவிட்டு மாவை இறக்குவார். எடுத்தவுடனே வாங்கிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்படி வாங்கினால் அது வேண்டுமென்றே செய்த போணியாம், கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டாராம். கொஞ்சம் தயங்கி, தனக்கே ஆசை வந்த மாதிரி வாங்க வேண்டுமாம். வாய்ஸ் மெசேஜின் கடைசி வரி: "எனக்கு சுகர் கீது மேடம். கம்பெனிக்கோசரம் தெனம் மிட்டாய் துன்னுகினு கீறேன், அதையும் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திக்குங்க."

தலையணை

நாங்கள் படித்த புத்தகங்களில் வண்டியில் ஏற்றும் பொருளுக்கு 'சரக்கு' என்று பெயர். அது சும்மா இருக்கும். மாவு சும்மா இருக்காது. அதற்கு உயிர் உண்டு. சித்திரை வெயிலில் பூந்தமல்லி வண்டியைத் தூரக் கடையிலிருந்து ஆரம்பித்துத் திரும்பி வருகிற வழியில் மற்ற கடைகளைப் பார்க்கும்படி மாற்றிவிட்டேன். தூரம் மிச்சம்தான். ஆனால் வழக்கமாக ஒன்றரை மணிக்கு இறங்க வேண்டிய மாவு நான்கரை மணிவரை தகரக் கூரைக்குக் கீழே ஊர்வலம் போனது.

கடைகளிலிருந்து புகார் வந்தால் எடுக்க வேண்டிய போன் அன்று எப்படியோ என் மேசைக்கு வந்துவிட்டது. தாளில் எழுதி வைத்துக்கொள்ள நேரம் இல்லை. எடுத்தேன். பூந்தமல்லியில் ஃபிளாட்டுகளுக்கு நடுவே கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. "பாக்கெட்டு ஒண்ணொண்ணும் தலகாணி மாதிரி உப்பிக்கினு கீதும்மா. மாவு வாங்க வந்த அம்மா ஒறையும் சேத்துக் குடுப்பியான்னு கேக்குது, இன்னா பதில் சொல்றது?"

ஆறு

இப்படி ரயில்வே கேட்டு, இடுப்பு, போணி, உப்பல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினேன். அந்த மூன்று மாதத்தில் ரூட்டுகள் நிஜமாகவே நல்லபடி ஆகிவிட்டன. டிரைவர்கள் திட்டுவது பாதியாகக் குறைந்தது. கடைசியில் பெரிய கேள்வியைக் கேட்டேன்: எத்தனை வண்டி? ஆறு என்றது கம்ப்யூட்டர். வேப்பம்பட்டின் எட்டுக் கடைகளை விட்டுவிட்டால், அந்த வண்டி பார்க்கும் மற்ற கடைகளை ஆறு வண்டிகளும் பிரித்துக்கொள்ளலாம். எட்டே எட்டுக் கடைக்காக ஒரு வண்டி அவ்வளவு தூரம் போய், காலியாக அம்பத்தூருக்குத் திரும்பி வருவது வீண். திரும்ப வரும் அந்தத் தூரத்தை மட்டும் சிவப்பில் காட்டியிருந்தது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் ஆறு.

ஏழாவது வண்டி என்றால் தனசேகர் அண்ணா. வண்டி கம்பெனியுடையது, அவருக்கு வேறு வண்டி கிடையாது. அந்தத் தாளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விடையை மாற்றி எழுதவும் வரவில்லை. கணக்கில் பொய் சொல்ல எனக்குத் தெரியாது, பேசுவதற்கே தெரியாதவளுக்குப் பொய் எங்கே வரும்? தாளை வெள்ளிக்கிழமை செல்வி அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றார். சந்தோஷப்படுவதாகச் சொல்லியிருந்த முகம், அப்படி எதையும் காட்டவில்லை. "அந்த எட்டுக் கடைக்கு வேற யாராவது மாவு குடுப்பாங்க. தனசேகருக்கு யாரு வண்டி குடுப்பாங்க?"

கடைசிக் கடை

எந்த வண்டியிலும் நான் ஒரு நாளும் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மனிதரின் வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு முன் அதில் ஒரு முறை உட்கார்ந்தாவது பார்க்கலாம் என்று சனிக்கிழமை தனசேகர் அண்ணாவிடம் போய், நேரம் குறித்துக்கொள்ள வருகிறேன் என்று சொன்னேன். அவர் சீட்டைத் துண்டால் தட்டி, ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் வைத்தார். பட்டாபிராமில் கடலை மிட்டாயை நான் வாங்கினேன். கடைக்காரர், "புது கிராக்கியா, நல்ல போணி" என்று உடனே டிரேயை உள்ளே எடுத்துக்கொண்டார். ஒன்பது நிமிடம் மிச்சம்.

வேப்பம்பட்டில் கேட் மூடியிருந்தது. அவர் என்ஜினை அணைத்தார். முன்னால் இரண்டு பைக், ஒரு ஷேர் ஆட்டோ. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "ஆறு வண்டின்னு பேசிக்கிறாங்கோ. மெய்யாம்மா?" என்றார். மேடம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். பதில் எழுதி வைத்துக்கொள்ளத் தாள் இல்லை. ஆமாண்ணா என்றேன். ரயில் ஒன்று போனது. "செரி. கேட்டு தொறந்துட்டான் பாரு" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அந்தப் பக்கக் கடைசிக் கடையில் மாவை இறக்கும்போது மணி நாலு ஐம்பது. ஆப்பை ஆஃப் செய்தார். நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், அம்பத்தூர் போக. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இறங்கும்மா, ஸ்டேஷன் அதோ கீது. வண்டி இங்கியேதான் நிக்கும், ஊடு பின்னாலதான்." காலையில் பக்கத்து ரைஸ் மில்லில் இட்லி அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டுதான் கம்பெனிக்கு வருவாராம். மூட்டை ஏற்றி முடிய நேரமாகும், அதனால்தான் எல்லோருக்கும் கடைசியில் வந்து சேருகிறார். ஆறு வருடமாக இப்படித்தான். நான் தினமும் தாண்டிப்போன மூட்டைகள்! அண்ணா, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். நான் கத்தியதில் அவருக்குத்தான் பயம் வந்திருக்கும். ஒரு அடி பின்னால் போய்ச் சொன்னார்: "யாரும் கேக்கலியேம்மா."

திங்கட்கிழமை

வண்டி வெறுமனே திரும்பி வருகிற வீண் தூரம் என்று கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டியதே, அந்தத் தூரத்தை அன்று சாயங்காலம் நான் ஒருத்திதான் ரயிலில் கடந்தேன். திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம் என்று ஆளில்லாத பெட்டியில் ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டே வந்தேன். எதிரே ஊருக்குத் திரும்புகிறவர்களின் ரயில்கள் பிதுங்கிக்கொண்டு போயின. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணக்கைத் திரும்பப் போட்டேன். வண்டி சாயங்காலம் திரும்புவதில்லை. காலையில் காலியாக வருவதில்லை. ஏழாவது வண்டியை நிறுத்தினால் அரிசி கொண்டுவரத் தினமும் தனியாக ஒரு வாடகை வண்டி வேண்டும். அது வரும் தூரமும் போகும் தூரமும், நான் மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

திங்கட்கிழமை காலை பேக்கிங் ஹாலில் எல்லோரும் நின்றார்கள். ஏழு டிரைவர்கள், மேரி அக்கா, மாவுக் கையோடு பெண்கள். தனசேகர் அண்ணா கடைசியில், அன்றைக்கும் சலவைச் சட்டையோடு. செல்வி அம்மா என் தாளைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினார். நான் முன்னால் போய், "அம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் படித்தேன்: என் விடை தப்பு. எல்லா வண்டியும் கம்பெனிக்குத் திரும்பி வருகிறது என்று நினைத்துவிட்டேன். ஏழாவது வண்டி திரும்புவதில்லை, வீட்டுக்குப் போகிறது. காலையில் அரிசியோடு வருகிறது. ஏழும் வேண்டும். மன்னிக்கவும்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேரி அக்கா அடக்கவே இல்லை. "இத்த எங்கையில கேட்டிருந்தா ரெண்டு இட்லி துன்ற நேரத்துல சொல்லியிருப்பனே கண்ணு!" தனசேகர் அண்ணா துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வேர்க்கிற நேரம் இன்னும் ஆகவில்லை. செல்வி அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் தாளைக் கிழிக்கவில்லை. பேனாவை எடுத்து ஆறை அடித்து ஏழு என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். "வண்டி அங்க நிக்கறது எனக்குத் தெரியும்மா. அது உனக்குத் தெரியாதுங்கறதுதான் எனக்குத் தெரியாது."

எல்லா வண்டிகளும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்த எங்கள் பாடப் புத்தகக்காரர், ஒருநாள் வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறித் தனியாகத் திரும்பிப் பார்த்திருந்தால், எனக்கு மூன்று மாதமும் தனசேகர் அண்ணாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.